கணக்கைப் போடுவது யார்?

கணிதத்தில் விடையினும் வழியே முக்கியம் என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். தவறாகப் போட்டு, அழித்து, மீண்டும் போடும் முயற்சியிலேயே மாணவனின் அறிவு உரம் பெறுகின்றது. கேட்டவுடன் விடையை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறி மாணவர் கைக்கு எட்டிவிட்ட இந்நாளில், அம்முயற்சி என்னவாகும்? துருக்கி நாட்டில் நடைபெற்ற சோதனை ஒன்று இதற்கு விடை கூறுகின்றது.

2023-ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை ஆராய்ச்சியாளர்கள் மூன்று பிரிவினராக வகுத்தனர். ஆசிரியர் பாடம் நடத்திய பின்னர், முதற் பிரிவினர் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் மட்டுமே துணைக்கொண்டு பயிற்சிக் கணக்குகளைப் போட்டனர். இரண்டாம் பிரிவினருக்கு ஜி.பி.டி.-4 என்னும் பொறி, கேட்டதற்கெல்லாம் விடை கூறும் நிலையிலேயே அளிக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கும் அதே பொறிதான்; ஆனால், விடையை நேரே கூறாது குறிப்பு மட்டும் தருமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கணக்கின் சரியான விடையும், மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகளும் முன்னரே அதற்கு அறிவிக்கப்பட்டிருந்தன.

பயிற்சியின்போது, முதற் பிரிவினரைக் காட்டிலும் இரண்டாம் பிரிவினர் 48 சதவீதமும், மூன்றாம் பிரிவினர் 127 சதவீதமும் கூடுதலான மதிப்பெண் பெற்றனர். பின்னர்ப் பொறியின் துணையின்றித் தேர்வு நடந்தது. அதில் இரண்டாம் பிரிவினர் முதற் பிரிவினரைவிட 17 சதவீதம் பின்தங்கினர். தங்கள் கல்வி குன்றியதை அவர்கள் உணரவுமில்லை. மூன்றாம் பிரிவினரோ முதற் பிரிவினரை ஒத்தே இருந்தனர். எனவே, குறிப்புத் தரும் முறையால் தீங்கு தவிர்ந்ததேயன்றிப் பெரும் நன்மை விளைந்ததாகவும் கூறுவதற்கில்லை.

நடைவண்டியைத் தள்ளும் குழந்தை நடை பழகும்; இடுப்பிலேயே சுமக்கப்படும் குழந்தை பழகாது. பொறி எதுவாக அமையும் என்பது அதனைப் பயன்படுத்தும் முறையைப் பொறுத்தது.

இந்தியப் பள்ளிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-20-ஆம் கல்வியாண்டிலேயே ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாகச் சேர்த்தது. வகுப்பறையில் இத்தகைய பொறிகளைக் கையாளக் குறைந்த வயது 13 எனக் கொள்ளலாம் என்பது, 2023-இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டுதலின் கருத்து. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய எண்முறைத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளுவதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என விதித்துள்ளது.

ஆயினும், சட்டம் மட்டும் கல்வியைக் காத்துவிடாது. மாணவன் முதலில் தானே முயலவேண்டும். தடைப்பட்ட இடத்தில் மட்டும் குறிப்பை நாடவேண்டும். பொறியும் பிழை செய்யுமாதலின், அது கூறியதைப் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும். தன் பெயர், முகவரி முதலியவற்றை அதனிடம் தெரிவித்தலாகாது. பொறியில்லாத வேளையில் மாணவனால் எவ்வளவு இயலுகின்றது என்பதை ஆசிரியர் அவ்வப்போது சோதித்தறிதல் இன்றியமையாதது. கற்றதற்கு அதுவே தக்க அளவுகோலாகும்.