நடக்க முடியாத காலுக்கு மின்சாரம்

மின்சாரம் என்னும் மருந்து – 9

1831-ல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஒரு குதிரையைப் பற்றி எழுதி வைத்தார். நிற்கும்போது அதற்கு ஒரு குறையும் தெரியாது. வண்டியில் பூட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பின்னங்கால் நொண்டும். நிறுத்தி இளைப்பாற விட்டால் மறுபடி சரியாகிவிடும். பிறகு அறுத்துப் பார்த்தபோது தொடைத் தமனி அடைபட்டிருந்தது. 1858-ல் பாரிஸின் ஷார்க்கோ இதே நொண்டலை ஒரு மனிதரிடம் கண்டார். அவருக்கு எப்போதோ பாய்ந்த துப்பாக்கிக் குண்டு உள்ளேயே தங்கிவிட, காலுக்குப் போகும் பெரிய தமனி அடைபட்டுப்போயிருந்தது.

இன்று குண்டு தேவையில்லை. பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு ஆகியவையே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி அதே தூரம் போனதும் அதே வலி. ‘வாயுப் பிடிப்பு’, ‘நரம்புத் தளர்ச்சி’, ‘வயசாயிடுச்சு’ என்று நம் வீடுகளில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. தைலம் தேய்த்தே வருடங்களை ஓட்டியவர்கள் ஏராளம். சும்மா இருக்கும் தசைக்குச் சுருங்கிய தமனி தரும் ரத்தம் போதும். நடக்கும் தசை அதைப்போலப் பல மடங்கு கேட்கிறது. அதைத் தர முடியாதபோது தசை வலியால் முறையிடுகிறது.

இந்த நோய்க்கு மருந்து நடைதான் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர், ஹைடல்பர்க் நகரத்து நரம்பியல் மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப். ஆண்டு 1898. இதில் ஒரு வேடிக்கை: மின்சிகிச்சை பற்றி 1882-லேயே பெரிய நூல் எழுதியவர் அவர். மின்கலத்தைக் கையில் வைத்திருந்த மனிதரே நோயாளியை நடக்கச் சொன்னார். 1966-ல் டென்மார்க்கின் லார்சன், லாசன் இருவரும் 14 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். தினமும் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பைவிடக் கூடுதல் தூரம் வலியில்லாமல் நடந்தார்கள். இன்றைய முறையும் ஏறத்தாழ அதுதான். வலி நன்றாக வரும்வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு 2017-லிருந்து இந்தப் பயிற்சிக்கே பணம் தருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, நடையினால் தமனி அடைப்பு திறப்பதில்லை என்பது. கிடைக்கும் கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு சாமர்த்தியமாகக் காலம் தள்ளத் தசை பழகிக்கொள்கிறது. நுண்குழாய்கள் கூடுகின்றன. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் கூடுகிறது.

சரி, முழங்கால் தேய்ந்தவர், மூச்சு வாங்குபவர், பக்கவாதம் வந்தவர் எப்படி நடப்பார்? நடை செய்கிற வேலையை மின்சாரம் செய்யாதா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குடியேறிய உடலியல் அறிஞர் ஓல்கா ஹுட்லிட்ஸ்கா, முயலின் கால் தசையை மெல்லிய மின்துடிப்புகளால் நாள்கணக்கில் இயக்கினார். அந்தத் தசையில் நுண்குழாய்கள் பெருகுவதை 1970-களில் அவரும் சகாக்களும் காட்டினார்கள். 1994-ல் பர்மிங்ஹாம் குழு இதை மனிதர்களிடம் கொண்டுவந்தது. கெண்டைக்காலில் பட்டைகள் ஒட்டி, தினம் மூன்று முறை 20 நிமிடம், நான்கு வாரம் மின்துடிப்பு கொடுத்தார்கள். தசை சோர்வது குறைந்தது, நடக்கும் தூரம் கூடியது. ஆனால் அது சின்ன ஆய்வு.

அதன்பின் வந்தது வியாபாரம்: பாதத் தட்டுக் கருவி. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வெறுங்கால்களையும் ஒரு தட்டின்மேல் வைக்க வேண்டும். பாதத்தை ஈரப்படுத்திக்கொண்டால் மின்சாரம் நன்றாக ஏறும். அளவைக் கூட்டக் கூட்ட முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு நாம் கேட்காமலே கெண்டைச் சதை துடித்துத் துடித்து அடங்கும். பார்க்கவே நம்பிக்கை வரும், அதுதான் அதன் விற்பனை ரகசியமும். இங்கே ஓர் எச்சரிக்கை: கடைகளில் கிடைக்கும் அதிரும் மசாஜ் பெட்டிகள் வேறு ஜாதி. அவை காலைக் குலுக்கும், தசையைச் சுருக்காது.

பாதத் தட்டுக் கருவியை உரசிப் பார்த்தது, பிரிட்டனில் நடந்த நெசிக் ஆய்வு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆலன் டேவிஸ் தலைமையில் 200 நோயாளிகள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு கருவியும். மூன்று மாதம் கழித்து, நடக்க முடிந்த அதிகபட்ச தூரத்தில் இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. குறிப்பாக, கண்காணிப்பில் நடைப்பயிற்சி பெறுபவருக்குக் கருவியால் கூடுதல் லாபம் ஒன்றும் தெரியவில்லை. நடைப்பயிற்சிக்கு வழியே இல்லாதவருக்கு இது கொஞ்சம் உதவலாம். அதற்குமேல் சொல்ல ஆதாரம் போதாது.

அப்படியானால் ‘ரத்த ஓட்டம் கூடும்’ என்ற விளம்பரம் பொய்யா? முழுப் பொய் இல்லை. கெண்டைச் சதை சுருங்கும்போது காலில் தேங்கிய அசுத்த ரத்தத்தைச் சிரைகள் வழியே மேலே தள்ளும். நெடுநேரம் உட்கார்ந்து வீங்கும் காலுக்கு அது நல்லதுதான். ஆனால் அது திரும்பிப் போகிற ரத்தம். நம் நோயாளிக்குத் தகராறு வருகிற ரத்தத்தில். விளம்பரம் இரண்டையும் ஒரே சொல்லில் மூடிவிடுகிறது.

பேஸ்மேக்கர் வைத்தவர், காலில் ரத்தக்கட்டி உள்ளவர், கர்ப்பிணிகள் இந்தக் கருவியைத் தொடக்கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர் தனக்குத் தானே அளவைக் கூட்டக்கூடாது, எரிந்தாலும் தெரியாது. படுத்திருக்கும்போதே கால் வலித்தாலோ, விரலில் ஆறாத புண் அல்லது கருப்பு தெரிந்தாலோ கருவியும் வேண்டாம், நடையும் வேண்டாம். உடனே ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். தாமதித்தால் கால் போகும்.

வலி நடக்கும்போது மட்டும் என்றால் முதலில் கணுக்கால் அழுத்தச் சோதனை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் கட்டும் அதே பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியை வைப்பார்கள். ‘உஷ்... உஷ்...’ என்று நாடிச் சத்தம் கேட்கும். பட்டையை ஊதி அந்தச் சத்தம் நின்றபின், காற்றை இறக்க இறக்க அது எந்த அழுத்தத்தில் திரும்புகிறது என்று குறித்துக்கொள்வார்கள். கணுக்கால் எண்ணைக் கையின் எண்ணால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் கீழே வருவது அடைப்பின் அடையாளம். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்குத் தமனி கல்லாகிவிடுவதால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கலாம். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

ஊசி கிடையாது, வலி கிடையாது. கருவிக்கு ஆர்டர் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள்.