பொற்கோட்டையும் வட்டக்களரியும்

'துப்பு' என்னுஞ் சொல்லுக்கு உணவு, வலிமை, துணை, பவளம் எனப் பொருள்கள் பல. வள்ளுவர் வான்சிறப்பு அதிகாரத்துக் குறள் ஒன்றிலேயே அச்சொல்லைப் பன்முறை அடுக்கி உணவென்னும் பொருள்பட ஆண்டுள்ளார். களவோ கொலையோ நிகழ்ந்தவிடத்துக் கிடைக்கும் அடையாளம் என்ற பொருள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. பொருள் புதிதேயன்றிச் செயல் புதிதன்று. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்தல் வேண்டுமென ஒற்றாடல் அதிகாரம் கற்பிக்கின்றது. சிலப்பதிகாரத்திலோ ஒரு வழக்கின் முடிவே தடயப் பொருளொன்றில் தங்கியுள்ளது. கோப்பெருந்தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன் செய்யத் தவறிய சோதனையை அவையிலே செய்து காட்டியவள் ஓர் இளம்பெண். பன்னீராண்டு அகவையில் மணம் முடித்தவளாதலின், மதுரை புகுந்தபோதும் அவள் இளையளாகவே இருந்திருத்தல் வேண்டும்.

இச்சிந்தனையைத் தூண்டியவர்கள் எம் மாணாக்கர். ஷேர்லொக் ஹோம்ஸின் தங்கையெனக் கற்பிக்கப்பட்ட எனோலா ஹோம்ஸ் என்னும் பெண்ணைப் பற்றிய படத்தை அவர்கள் கண்டு மகிழ்ந்து பேசிக்கொண்டனர். நூலை வாசித்தீர்களோ என வினவினோம். அப்படியொரு நூல் உண்டென்பதே அவர்களுக்குப் புதுச் செய்தியாயிருந்தது. அவர்களைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. இளையோர்க்கென எழுதப்பட்ட துப்பறி கதை திரைக்குச் செல்லும்போது எது போகின்றது, எது நிற்கின்றது என்னும் வினா அதனால் எழுந்தது. துப்பறி கதையின் உயிர், குற்றவாளி யாரென்பதை இறுதிவரை மறைத்து வைத்தலில் உள்ளதென்றே பலரும் எண்ணுவர். அஃது உண்மையாயின், விடை தெரிந்தபின் நூலும் படமும் இரண்டும் வெறுஞ்சக்கையாதல் வேண்டும்.

இவ்வினாவை ஆராய்தற்கு வங்காளத்தைவிட ஏற்ற இடம் வேறில்லை. ஆங்கு நூலை எழுதியவரும் படத்தை இயக்கியவரும் ஒருவரே. சத்யஜித் ரேயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். தந்தையார் சுகுமார் அதனைத் தொடர்ந்து நடத்தினார். நின்றுபோன அவ்விதழை 1961இல் ரே மீண்டும் உயிர்ப்பித்தார். இதழை நிரப்ப எழுத்து வேண்டுமன்றோ? அப்போது உலகறிந்த இயக்குநராயிருந்த அவர் சிறுவர்க்குக் கதை எழுத அமர்ந்தார். 1965இல் பெலுதா பிறந்தான். பெலுதாவின் வயது இருபத்தேழு. கதையைச் சொல்பவனோ பதின்மூன்று பதினான்கு வயதுடைய அவனது ஒன்றுவிட்ட தம்பி தொப்சே. அண்ணனின் அறிவைக் கண்டு வியந்தும், இடையிடையே தானாக ஊகித்தும், அவ்வூகம் பொய்க்கக் கண்டு நாணியும் தொப்சே சொல்லிச் செல்கின்றான். வாசிக்கும் சிறுவன் பெலுதாவாக ஆசைப்படுவான். ஆயின் தொப்சேயாகத்தான் வாசிப்பான். இதுவே அக்கதைகளின் அமைப்புத் திறம்.

'சோனார் கெல்லா', அதாவது பொற்கோட்டை, 1971இல் நூலாக எழுதப்பட்டது. மேற்கு வங்க அரசின் பொருளுதவியோடு 1974 டிசெம்பரில் படமாக வெளிவந்தது. முகுல் என்னும் சிறுவன் முற்பிறவி நினைவு வந்தவனாய்ப் பொன்னிறக் கோட்டையொன்றைப் படம் படமாக வரைகின்றான். புதையல் பற்றிய பேச்சும் எழுகின்றது. உளவியல் ஆராயும் மருத்துவர் ஹாஜ்ரா அவனை இராஜஸ்தானத்துக்கு அழைத்துச் செல்ல, புதையலை விரும்பிய கயவர் இருவர் பின்தொடர்கின்றனர். அவருள் ஒருவன் தானே ஹாஜ்ரா என்று நடிக்கின்றான். நூலில் இவ்வேடம் கலைவது இறுதியிலேதான். படத்தில் ரே செய்தது வேறு. மெய்யான மருத்துவரை அவர்கள் மலைக்கோட்டையிலிருந்து தள்ளிவிடுவதை நாம் நேரே காண்கின்றோம். பெலுதாவுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். கயவனின் கையைப் பற்றிக்கொண்டு முகுல் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் நம் நெஞ்சு பதைக்கின்றது.

தாமே முடிந்த முடிச்சைத் தாமே அவிழ்த்துக் கொட்டிவிட்டாரே என்று நூலை முன்னர் வாசித்தவர் கேட்கக்கூடும். இதற்கு முன் 1967இல் வியோம்கேஷ் என்னும் மற்றொரு வங்கத் துப்பறிவாளனின் கதையை ரே படமாக்கியிருந்தார். அதில் அவருக்கே நிறைவு ஏற்படவில்லை. இறுதியில் அனைவரையும் ஓரிடத்தில் இருத்தி, நடந்ததை எல்லாம் துப்பறிவாளன் வாயால் விளக்கும் முறை ஏட்டில் இனிக்கும். திரையில் அது பிரசங்கமாகிவிடும்.

நாடக நூலார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் எனச் சந்தி ஐந்து வகுப்பர். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கிய விபுலாநந்த அடிகளார் 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒட்டி ஆராய்ந்தமை இலக்கியக் கழகத்தார் அறிந்ததே. அவ்வழி நின்று நோக்கின், நூலிலே துய்த்தலில் நின்ற வெளிப்பாட்டைப் படத்திலே பிரதிமுகத்துக்கு நகர்த்தினார் ரே எனலாம். கதை அதே கதை. நகர்ந்தது ஒரு சந்தி மாத்திரமே. அதனால் 'யார்?' என்ற வினா 'இனி என்னாகும்?' என்று மாறிற்று.

மட்டக்களப்பு மக்களுக்கு இது விளங்காத மாயமன்று. வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மன் ஆலயங்களிலே வழக்குரை பாடப்படுகின்றது. சிலம்பு உடையும், பாண்டியன் வீழ்வான் என்பது கேட்போர் அனைவர்க்கும் தெரியும். ஆண்டுதோறும் தெரிந்தே கேட்கின்றனர். அப்பகுதி வரும்போது ஆண்டுதோறும் அமைதி கூடுகின்றது. வடமோடிக் கூத்திலும் அவ்வாறே. அபிமன்யு மீளமாட்டான் என்றறிந்த முதியவளே விடியுமட்டும் வட்டக்களரியின் ஓரத்திலிருந்து கண்ணீர் துடைப்பாள். மறைத்தலாற் பிறக்கும் சுவை ஒரு முறைக்கே போதுமானது. தெரிந்தும் தாங்க முடியாமை என்னும் சுவை பல முறைக்கும் வரும். ஐம்பது ஆண்டு கடந்தும் வங்கச் சிறுவர் 'சோனார் கெல்லா'வை மீண்டும் மீண்டும் பார்ப்பதன் காரணம் இதுவேயென எமக்குத் தோன்றுகின்றது.

இவ்வளவு பெற்ற ரே ஒன்றை இழந்தார். அது தொப்சேயின் குரல். ஏட்டில் 'நான்' என்று பேசிய சிறுவன், திரையில் அண்ணன் பக்கத்தில் நிற்கும் நல்ல பிள்ளையாகிவிட்டான். கமெராவுக்குத் தன்மை இடம் இல்லை. அதற்கு எல்லாரும் படர்க்கையே. இழந்த இளமைக் குரலின் இடத்தை ஓரளவு நிரப்புபவன் முகுல். பொற்கோட்டையையோ புதையலையோ விரும்பாது இறுதியில் வீட்டுக்குப் போகவேண்டுமென்று ஏங்கும் அச்சிறுவனாக நடித்த குஷல் சக்கரவர்த்தி இந்திய தேசிய விருது பெற்றார்.

எம் மாணாக்கர் கண்ட எனோலா படத்தின் சிறப்பு இவ்விடத்திலேதான் உள்ளது. நான்சி ஸ்பிறிங்கர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2006இல் தொடங்கிய நூல் வரிசையில் எனோலாவுக்கு வயது பதினான்கு. கதையைத் தானே சொல்கின்றாள். 2020இல் வந்த படத்தில் வயது பதினாறாகியது. வயதைக் கூட்டியது எமக்கு உவப்பன்று; பதினான்கு வயதுப் பெண் தனித்துப் புறப்படுவதிலுள்ள துணிவு பதினாறில் சற்றுக் குறைகின்றது. ஆயினும் இயக்குநர் ஹரி பிராட்பியர் அவள் குரலைக் கைவிடவில்லை. அவள் ஓடுங்கால் திரும்பி நம்மை நோக்கிப் பேசுகின்றாள், கண்ணசைக்கின்றாள், தனக்கும் விடை தெரியவில்லை என்கின்றாள். மேனாட்டு விமரிசகர் இதனைப் புதுமையென்பர். கூத்திலே பாத்திரம் தன் வரவைத் தானே சபைக்குப் பாடுவதையும், கட்டியகாரன் களரியிலிருந்தே சபையோரோடு பேசுவதையும் கண்ட நமக்கு அதிற் புதுமை யாதுமில்லை. நல்ல பழமை, அவ்வளவே.

நூல் படமாவதன்றிப் படம் நூலை மாற்றியதும் உண்டு. பெலுதாவின் தோழர் லால்மோகன் கங்குலி, 'ஜடாயு' என்னும் புனைபெயரில் பரபரப்பு நாவல் எழுதுபவர். (கம்பன் பாத்திரத்தின் பெயரைச் சூடியவர் கத்தியைக் கண்டால் நடுங்குபவர் என்பது வங்காளியின் குறும்பு.) அவர் நாவல்களின் தகவற் பிழைகளைப் பெலுதா பொறுமையாகத் திருத்துவான். திரையில் அவராக நடித்த சந்தோஷ் தத்தா, பாத்திரத்தோடு ஒன்றிப்போனார். கதைகளுக்குத் தாமே சித்திரம் வரைந்த ரே, படத்துக்குப் பின்னர் ஜடாயுவை அந்நடிகரின் சாயலிலேயே வரையலானார். 1979இல் காசியைக் களமாகக்கொண்ட 'ஜய் பாபா பெலுநாத்' இரண்டாவது படமாக வந்தது. 1988இல் சந்தோஷ் தத்தா மறைந்தபின், இனிப் பெலுதா படம் எடுப்பதில்லையென ரே முடிவு செய்தார்.

ரே 1992இல் மறைந்தார். பெலுதாவைத் திரைக்கு மீட்டவர் அவருடைய மகன் சந்தீப் ரே. 2003இல் 'பொம்பாயேர் பொம்பேட்டே', 2014இல் 'பாத்ஷாஹி ஆங்ட்டி', 2022இல் 'ஹத்யாபுரி', 2024இல் 'நயன் ரஹஸ்ய' எனப் படங்கள் தொடர்ந்தன. அவர் கதைகளைப் பெரும்பாலும் நடப்புக் காலத்துக்குக் கொண்டுவந்தார். இங்கேதான் எமக்குக் கவலை.

பெலுதா கதைகளில் சித்துப் பெரியப்பா என்றொருவர் வருவார். பத்திரிகை நறுக்குகளைத் திரட்டி ஒட்டி வைத்திருப்பவர். அவர் நினைவே ஒரு நூலகம். 'சோனார் கெல்லா'வில் மருத்துவர் ஹாஜ்ராவைப் பற்றிய பழஞ்செய்தி பெலுதாவுக்கு அவரிடமிருந்தே கிடைக்கின்றது. படத்தில் அவராக நடித்தவர் சரோஜினி நாயுடுவின் தம்பியாராகிய கவிஞர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாய. பெலுதாவின் சட்டைப்பையில் கைத்தொலைபேசி நுழைந்த அன்றே சித்துப் பெரியப்பாவின் தொழில் போயிற்று. இளைஞன் ஐயந்தெளிய முதியவர் வீட்டுப் படியேறுதல், அவர் மனநிலை அறிந்து வினவுதல், கேட்டதற்கு விடையோடு கேளாததும் ஒன்று கிடைத்தல் ஆகிய யாவும் போயின. ஏடு பார்த்துச் சொல்லும் தொழிலில் முடி நரைத்த எமக்கு அப்பெரியவர்பால் சிறிது பக்கச்சார்பு இருக்கலாம், வாசகர் பொறுத்தருள்க. ஆனால் கதை நுட்பம் நோக்கினும் இழப்பு மெய்யே. துப்பறிதல் என்பது தேடல்; தேடல் என்பது நடத்தல். பின்னர் ஸ்ரீஜித் முகர்ஜி 2020இல் இணையத் தொடராக எடுத்தபோது கதையைப் பழைய காலத்திலேயே நிறுத்தியது, இவ்வுண்மை அறிந்தேபோலும்.

அமெரிக்க நான்சி ட்றூவுக்கும் இதே இடர். 1930இல் தொடங்கி, கரோலின் கீன் என்னும் ஒரே புனைபெயரிற் பலர் எழுதிய வரிசை அது. 1938, 1939 ஆகிய ஆண்டுகளிலேயே நான்கு படங்கள் வந்துவிட்டன. 2007ஆம் ஆண்டுப் படம், பழமை மாறாத நான்சியை இன்றைய லொஸ் ஏஞ்சல்ஸில் இறக்கி அவளை வேடிக்கையாக்கிற்று. 2019இலும் ஒரு படம் வந்தது. இரண்டும் எம் நெஞ்சில் தங்கவில்லை.

ஜேர்மானியர் எரிக் கெஸ்ட்னர் 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளரும்' நூலுக்கு இவ்விடர் குறைவு. புகைவண்டியில் எமிலின் பணத்தைத் திருடியவனைப் பேர்லின் நகரச் சிறுவர் பெருந்திரளாகச் சூழ்ந்துகொள்கின்றனர். பணத்தாள்களைச் சட்டைப்பையில் ஊசியாற் குத்தி வைத்திருந்தான் எமில். அவ்வூசித் துளைகளே வங்கியிற் சான்றாயின. பரலைக் காட்டி வழக்கை வென்ற கதை நமக்கு நினைவுக்கு வருகின்றதன்றோ! 1931இலும் அதன்பின் பன்முறையும் அது படமாயிற்று. 2001இல் வந்த படம் சிறுவர் படையின் தலைமையைப் போனி என்னும் சிறுமிக்குக் கொடுத்தது. கதை சிதையவில்லை.

இனி நம் நிலை. 1950இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' நாவலை மொடேர்ண் தியேட்டர்ஸார் படமாக்க, நம்பியார் பல வேடம் புனைந்து துப்பறிந்தார். அது பெரியோர் கதை. தேவனின் சாம்புவும் தமிழ்வாணனின் சங்கர்லாலும் மாணவர் விரும்பி வாசித்தவர்களே. ஆயினும் இருவரும் வளர்ந்த ஆடவர். தொப்சேயைப்போல் 'நான்' என்று பேசும் பதினான்கு வயதுக் குரலை அவற்றிற் கேட்கவியலாது. நல்ல படம் இல்லையே என்று வருந்துவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். பெலுதா சிறுவர் இதழிற் பிறந்து ஒன்பது ஆண்டுகள் வளர்ந்த பின்னரே திரையேறினான். இலங்கையிலே மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடொல் தூவ', துப்பறி கதையன்றாயினும் இரு சிறுவர் கொக்கல வாவித் தீவொன்றிற் குடியேறும் துணிகரக் கதை. இருபத்தொன்பது ஆண்டுகள் சிங்களச் சிறுவர் கையில் புழங்கிய பின், 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைப் படமாக்கினார்.

நம் வாவியிலும் தீவுகள் உள; கண்டல் மரங்கள் உள; நிலாக்கால இரவில் நீருக்கடியிலிருந்து எழும் ஓசைக்குக் காரணம் தேடும் சிறுவரும் உளர். அத்தகையதோர் எம்மூர்க் கதையை மாணாக்கர் கையிற் கொடுக்க விரும்பித் தேடினோம். இப்போதைக்குக் கொடுத்தது தமிழில் மொழிபெயர்ந்து வந்துள்ள பெலுதா கதைகளையே. படத்தை முன்னர் காண்பதா, நூலை முன்னர் வாசிப்பதா என்று ஒரு மாணவி கேட்டாள். நூலை முன்னர் வாசி, படத்தில் ரே எந்த இடத்தில் முடிச்சை அவிழ்க்கின்றார் என்று குறித்துக்கொண்டு வா என்றோம்.