ராட்சச முகத்து மாப்பிள்ளை. மறுப்புச் சொல்ல ஆள் இல்லை!

குண்டலுபேட்டையில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு யுகாதிக்குப் போயிருந்தேன். அந்த ஊருக்கு ரெயில் கிடையாது. மைசூரில் இருந்து பஸ்தான். ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் ரோடு பிரியும் இடம். காய்கறி மண்டியில் கன்னடம், தமிழ், மலையாளம் மூன்றும் காதில் விழும்.

என்ஜினீயரிங் படிக்கும் அக்காள் மகன் லேப்டாப்பில் விளையாடிக்கொண்டு இருந்தான். 'ஸ்கைரிம்' என்று பெயர். அமெரிக்காவின் பெதஸ்டா கம்பெனி 2011 நவம்பரில் வெளியிட்டது. வாள், சூனியம், பறக்கும் நாகம் எல்லாம் உண்டு.

"மாமா, இன்னிக்கு எனக்குக் கல்யாணம்" என்றான். எட்டிப் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்குப் பச்சைத் தோல், கோரைப் பல். 'ஓர்க்' இனமாம். பெண் மனித இனம். மாரா தேவியின் தாயத்தைக் கழுத்தில் கட்டினால், வரன் தேடுகிறார் என்று அர்த்தம். பிடித்துப் போனால் மறுநாளே கோவிலில் கல்யாணம். மொத்தம் 10 இனங்கள். யாரும் இனம் கேட்பது இல்லை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும்கூட மணக்கலாம். பூசாரி முகம் சுளிப்பது இல்லை.

அங்கே துவேஷமே கிடையாதா என்று கேட்டேன். சிரித்தான். வின்ட்ஹெல்ம் என்ற நகருக்குக் கூட்டிப் போய்க் காட்டினான். வாசலிலேயே இரண்டு பேர் ஓர் 'எல்ப்' இனப் பெண்ணை மறித்து, எதிரியின் உளவாளி என்று ஏசுகிறார்கள். அவளுடைய ஆட்களுக்கு ஒதுக்குப்புறமான சேரி. பல்லி முகத்தார் துறைமுகத்தைத் தாண்டக்கூடாது. பூனை முக வியாபாரிகளுக்கு ஊருக்கு வெளியேதான் கூடாரம்.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் பெங்களூர்த் தமிழர்கள் பட்ட பாட்டை அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆனால் ஒன்று. ஊருக்குள் விடாதவர்கள்கூட அங்கே கல்யாணத்தைத் தடுப்பது இல்லை. நம்மிடம் நேர்மாறு. மண்டியில் மூன்று மொழிக்காரர்களும் ஒரே பெஞ்சில் டீ குடிப்பார்கள். பெண் கேட்டால் தெரியும் சேதி!

30 நாள் நோட்டீஸ்

என் அத்தை மகள் வயநாட்டுக் கிறிஸ்தவப் பையனை விரும்பினாள். மதம் மாறாமல் மணக்க 1954-ம் ஆண்டு தனித்திருமணச் சட்டம் இருக்கிறது. ஆனால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை எல்லோரும் பார்க்கும்படி ஆபீசில் ஒட்டுவார்கள். 12-ம் நாள் உறவுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அன்று இரவே வீட்டில் ரகளை. அத்தை மூன்று நாள் சாப்பிடவில்லை. "உன் முறைப்பெண்ணை விட்டுவிட்டாயே" என்று என்னிடம் துக்கம் விசாரித்தவர்களும் உண்டு.

சட்டப்படி ஆட்சேபிக்க எதுவும் இல்லை. கல்யாணம் நடந்தது. விருந்தில் 8 பேர். என்னையும் கூப்பிட்டாள். டியூட்டி என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்கு ரெஸ்ட். அவள் பையனுக்கு இப்போது நாலு வயது. நான் பார்த்தது இல்லை.

"ரெண்டு பையன்களா இருந்தா, மாமா?" என்று மருமகன் கேட்டான்.

தெரிந்ததைச் சொன்னேன். வயது வந்தவர்கள் மனமொப்பி வாழ்வது குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந்தேதி தீர்ப்பு அளித்தது. ஆனால் கல்யாண உரிமை தர 2023 அக்டோபர் 17-ந்தேதி மறுத்துவிட்டது. மதுரையில் இருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கை 2021-ல் விசாரித்தவர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று மனநல நிபுணரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்படிப்பட்டவர்களைப் போலீசார் தொல்லைப்படுத்தக் கூடாது, 'குணப்படுத்துகிறேன்' என்று டாக்டர்கள் கிளம்பவும் கூடாது என்று உத்தரவு போட்டார். நீதிபதியே படித்துக்கொள்கிறார், நமக்கு என்ன கேடு?

அதற்குள் அக்காள் சாப்பிடக் கூப்பிட்டாள். பேச்சு அத்தோடு நின்றது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சுல்தான் பத்தேரிக்குப் போகிறேன். அத்தை மகளுக்குப் போனில் சொல்லிவிட்டேன். பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 மணிக்கு ரோட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குள் திரும்ப வேண்டும்.