சுத்த வாயுவினுள் ஒளிந்திருக்கும் அசுத்தம்

ஹைட்ரஜனால் ஓடும் மோட்டார் வண்டிக்கு நிரப்பும் வாயு 99.97 சதவீதம் சுத்தமாயிருந்தால் போதுமென்று அனுமதிக்கும் சர்வதேசப் பிரமாணம், மிஞ்சிய அற்பப் பகுதிக்குள் எது இருக்கலாம், எது இருக்கலாகாது என்பதில் மட்டும் மிகுந்த கண்டிப்புக் காட்டுகிறது. நைட்ரஜன் பத்து லட்சத்தில் 300 பங்கு வரை இருக்கலாம். கார்பன் மோனாக்ஸைடோ 0.2 பங்கைத் தாண்டலாகாது. கந்தகச் சேர்மங்கள் யாவும் சேர்ந்து நூறு கோடியில் 4 பங்குக்கு மேற்படலாகாது. நைட்ரஜன் வண்டியின் எரிபொருள் மின்கலத்தினூடே வந்த வழியே வெறுமனே போய்விட, கார்பன் மோனாக்ஸைடு அக்கலத்தின் பிளாட்டின வினையூக்கியின்மீது ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனுக்குரிய ஸ்தானத்தை அபகரித்துக்கொள்கிறது என்பதும், கந்தகம் ஒட்டினால் எளிதில் விலகுவதில்லை என்பதுமே இந்தப் பாரபட்சத்துக்குக் காரணம்.

ஆகவே இவற்றையெல்லாம் ஒரே கருவியால் அளந்துவிடலாம் என்று எண்ணுவது வீண். வாயுக்களைத் தனித்தனியே பிரித்தனுப்பும் குரோமட்டோகிராஃபின் முனையில், வெப்பக் கடத்துதிறனின் வேற்றுமையை உணரும் கருவியைப் பொருத்தினால், அது நைட்ரஜன் ஆர்கான் முதலிய பல வாயுக்களையும் பேதமின்றிக் காட்டும், ஆனால் 0.2 பங்கு கார்பன் மோனாக்ஸைடு அதன் பார்வைக்கு எட்டாது. 1950களின் பிற்பகுதியில் தோன்றிய சுடர் அயனியாக்க உணர்கருவி, மீதேன் போன்ற ஹைட்ரோகார்பன்களை மிகச் சூக்ஷ்மமாக உணர்வதாயினும், கார்பன் மோனாக்ஸைடு அதன் சுடரில் புகுந்தால் ஏறக்குறைய மௌனமாகவே இருந்துவிடும். இந்தக் குறையை ரசாயன நிபுணர்கள் தீர்த்த விதம் என்னைப் பெரிதும் கவர்ந்தது: சுடருக்கு முன்னால் சூடான நிக்கல் வினையூக்கியை வைத்து, கார்பன் மோனாக்ஸைடை ஹைட்ரஜனுடன் சேர்த்து மீதேனாகவே மாற்றிவிட்டால், காணாதிருந்த சுடர் உடனே கண்டுகொள்கிறது. கந்தகத்துக்கோ, அதை எரித்து ஓசோனுடன் வினைபுரியச் செய்து அப்போது பிறக்கும் ஒளியை அளக்கும் தனிக் கருவி உண்டு.

எல்லாவற்றையும் காணாதிருப்பது ஓர் உணர்கருவிக்குக் குறையன்று என்பதே என் அபிப்பிராயம். 1957இல் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய எலக்ட்ரான் கவர் உணர்கருவி பெரும்பாலான சேர்மங்களைப் பொருட்படுத்தாமல், குளோரின் போன்ற தனிமங்கள் சேர்ந்தவற்றையே பற்றிக்கொள்வதனால்தான், 1971இல் ஷாக்கிள்டன் கப்பலில் புறப்பட்ட அவரால், அட்லாண்டிக் சமுத்திரத்தின் காற்றில் லட்சம் கோடியில் சில பத்துப் பங்கே இருந்த குளோரோஃபுளோரோகார்பனைக் கண்டறிய முடிந்தது.

எத்துணைச் சிறந்த உணர்கருவியாயினும், மாதிரி வாயு அதனிடம் வந்து சேர்ந்தாலன்றிப் பயனில்லை. உட்பூச்சு இல்லாத எஃகுச் சிலிண்டரில் ஹைட்ரஜனைப் பிடித்துவைத்தால், அதிலுள்ள சொற்ப ஹைட்ரஜன் சல்ஃபைடு சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, பரிசோதனைச்சாலையில் கந்தகம் பூஜ்யம் என்றே விடை வரும். வாங்குகிறவரும் அந்த விடை எழுதிய தாளை நம்பி வாயுவை நிரப்பிக்கொள்வார். ஆதலால் கருவி வாங்க முனைவோர் விலைப்பட்டியலைப் புரட்டுமுன், எந்த அசுத்தத்தை, எந்த வாயுவினுள், எந்த அளவுவரை தேடுகிறோம், மாதிரியை எந்தப் பாத்திரத்தில் கொண்டுவரப் போகிறோம் என்ற நான்கையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.