ஈமு, கோழியே இல்லை!

"ஈமு கோழி" என்று சொன்னாலே ஈரோடு, பெருந்துறைப் பக்கத்திலிருந்து வரும் நம் மாணவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி: ஈமு உண்மையில் கோழிதானா?

இல்லவே இல்லை! கோழிக்கும் காக்காய்க்கும் இருக்கிற சொந்தம்கூட கோழிக்கும் ஈமுவுக்கும் கிடையாது. என்ன, நம்ப முடியவில்லையா? இன்று உயிரோடுள்ள பறவைகளை விஞ்ஞானிகள் இரண்டு பெரும் கிளைகளாகப் பிரிக்கிறார்கள். கோழி, வாத்து, காக்கை, குருவி, பருந்து எல்லாம் ஒரு கிளை. ஈமு, காஸோவரி, கிவி, ரியா, நெருப்புக்கோழி, டினாமு ஆகியவை மட்டும் இன்னொரு கிளை. (நெருப்புக்கோழியும் கோழி இல்லை. நம்ம ஆட்களுக்கு எதைப் பார்த்தாலும் கோழிதான்!) மேலண்ண எலும்பின் அமைப்பு வேறாக இருப்பதால் இவற்றைப் 'பேலியோனேத்', அதாவது 'பழைய தாடை' என்கிறார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே இரண்டு கிளைகளும் பிரிந்துவிட்டன.

மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பறக்கும் பறவையின் மார்பெலும்பில் படகின் அடிக்கட்டை போல ஒரு மேடு இருக்கும். இறக்கையை இயக்கும் தசைகள் அதில்தான் பிடித்திருக்கும். இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஈமுவுக்கு அந்த பிராக்கெட்டே கிடையாது, மார்பெலும்பு தட்டை. இறக்கை சுமார் 20 செ.மீ.தான். ஆனால் ஆறடி உயர உடம்பைத் தூக்கிக்கொண்டு மணிக்கு 50 கி.மீ. வரை ஓடும்.

இப்படி மேடு இல்லாத பறவைகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். மரபணு ஆராய்ச்சி அதைக் கலைத்துப் போட்டது. பறக்கத் தெரிந்த டினாமு, பறக்காதவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது! நியூசிலாந்து கிவிக்கு நெருங்கிய சொந்தம், மடகாஸ்கரில் அழிந்துபோன யானைப்பறவை என்று 2014-ல் தெரிந்தது. ஆக, பறப்பதை இவை தனித்தனியே பல தடவை கைவிட்டிருக்கின்றன. ஈமுவுக்கு நெருங்கிய சொந்தம் காஸோவரி. 1790-ல் ஈமுவுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஜான் லேதம் அதைக் காஸோவரி இனத்திலேயே சேர்த்திருந்தார். பரவாயில்லை, கோழி என்று சொல்லவில்லையே!

இனி முட்டை விஷயத்துக்கு வருவோம். நாட்டுக்கோழி ஆறேழு மாதத்தில் முட்டைக்கு வரும். 21 நாளில் குஞ்சு. ஈமுவுக்கு இரண்டு வருஷம் ஆக வேண்டும். அதிலும் வருஷத்தில் சில மாதங்கள் மட்டுமே முட்டையிடும். ஆஸ்திரேலியக் காட்டில் ஒரு கூட்டில் பத்துப் பதினைந்து கரும்பச்சை முட்டைகள், ஒவ்வொன்றும் அரைக் கிலோ. பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பது அப்பாதான்! ஏறத்தாழ எட்டு வாரம் அன்ன ஆகாரம் இல்லாமல் உட்கார்ந்து மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்துபோகும். பிறகு வரிபோட்ட குஞ்சுகளை மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு திரிவதும் அதே அப்பாதான்.

இதெல்லாம் எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாது. "கோழிதானே கண்ணு, தீனி போட்டா முட்டை போடுது" என்றார். குஞ்சும் தீவனமும் மாதாமாதம் பணமும் தருவதாக ஒரு கம்பெனி சொன்னதை நம்பி, நிலத்தை அடமானம் வைத்து ஷெட் போட்டார். இரண்டு வருஷம் முட்டையே இடாத பறவைக்கு அந்த மாதப் பணம் எங்கிருந்து வரும் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. இறைச்சியை வாங்க ஆளும் இல்லை. 2012 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து ஈமு திட்டங்கள் சரிந்தபோது கம்பெனிக்காரர்களைக் காணோம். பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டி வந்தது.

அப்போது நான் சின்னப் பையன். தீனி கேட்டு வேலியோரம் நின்ற அந்த நீளக் கழுத்துகள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது அதே ஷெட்டில் நாலு வெள்ளாடு நிற்கிறது. வேலி மட்டும் ஆறடி. போன வருஷம்தான் அடமானப் பத்திரம் திரும்பி வந்தது.