ஆனேக்கல் விமானமும் ஐந்து என்ஜினியர்களும்

பெங்களூர் அடுகோடியிலிருந்து ஓசூர் சாலையில் தெற்கே போய், சந்தாபுராவில் திரும்பினால் ஆனேக்கல். பழங்கால இந்தியர்கள் விமானம் ஓட்டினார்கள் என்பவர்கள் ஆதாரமாக நீட்டும் ‘வைமானிக சாஸ்திரம்’ இந்த ஊர்ச் சரக்குதான். இங்கே வசித்த பண்டிதர் சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதப்பட்ட சம்ஸ்கிருத நூல் அது. மூலம் பரத்வாஜ மகரிஷியுடையது என்றார் அவர்.

1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து பேர் - முகுந்தா, தேஷ்பாண்டே, நாகேந்திரா, பிரபு, கோவிந்தராஜு - இதை ஆராயப் புகுந்தார்கள். “எல்லாம் கட்டுக்கதை” என்று சிரித்து ஒதுக்கியிருந்தாலும் ஊர் நம்பியிருக்கும். பேராசிரியர்கள் ஆயிற்றே! அவர்கள் அப்படிச் செய்யவில்லை. முதலில் நூலின் வயதைத் தேடினார்கள். நடை வேத காலத்துச் சம்ஸ்கிருதமாக இல்லை. படங்களோ, சாஸ்திரி சொன்னபடி எல்லப்பா என்ற டிராஃப்ட்ஸ்மேன் போட்டவை. நூல் உருவானது 1900-க்கும் 1922-க்கும் இடையில் என்று முடிவு கட்டினார்கள்.

புது நூல் என்பதாலேயே விமானம் பறக்காது என்றாகிவிடுமா? ஆகாது. எனவே சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நூல் வர்ணிக்கும் நான்கு விமானங்களையும் என்ஜினியர் கண்ணோடு சோதித்தார்கள். மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளும் விசிறிகள் கொண்ட ருக்மத்தில் மட்டும் கொஞ்சம் அர்த்தம் தெரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஆனாலும் நான்கில் ஒன்றுகூட எழும்பாது.

ஐவரும் பாரம்பரியத்தின் விரோதிகள் என்று தள்ளிவிடவும் வழியில்லை. அவர்களில் நாகேந்திரா பிற்பாடு யோகாவுக்கே வாழ்க்கையைத் தந்தவர். அவருடைய யோகா பல்கலைக்கழகம் இருப்பது ஜிகணியில் - அதே ஆனேக்கல் தாலுகா!

2015 ஜனவரியில் மும்பை அறிவியல் மாநாட்டில் விஷயம் மறுபடி கிளம்பியது. பைலட் பயிற்சிப் பள்ளியின் ஓய்வு பெற்ற முதல்வர் கேப்டன் ஆனந்த் போடஸ், அந்தக் கால விமானங்கள் கிரகம் விட்டுக் கிரகம் போயின என்றார். விமானம் ஓட்டத் தெரிந்தவர்தான். ஆனால் ஓர் ஏட்டின் வயதைக் கணிப்பது காக்பிட்டில் கற்கும் வித்தையா? மாநாட்டு மேடை ஏறியதாலேயே அது பலருக்கு அறிவியலாகிவிட்டது.

ஐவரின் காரணங்கள் அச்சில் இருக்கின்றன. தவறு என்று காட்ட மேடை வேண்டாம். ஒரே ஒரு ருக்மம் தரையைவிட்டு எழும்பினால் போதும். இன்றுவரை எழும்பவில்லை.