ஐந்தில் அண்ணன், ஆறில் தம்பி: புதுப் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் படபடப்பு!

புது நோட்டு வாசனை, பாதி போட்ட பிரவுன் அட்டை, லேபிளில் குண்டு குண்டாக எழுதிய பெயர்... ஜூன் மாதம் நெருங்கினாலே பிள்ளைகள் இருக்கும் வீடு களைகட்டிவிடும். எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் குஷி, கொஞ்சம் பயம். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு மட்டும் இரண்டுமே ஒரு மடங்கு கூடுதல்.

காரணம், இது வெறும் வகுப்பு மாற்றம் இல்லை. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஊரிலேயே நடுநிலைப் பள்ளி இல்லையென்றால், பக்கத்து ஊருக்கோ டவுனுக்கோ பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

சின்னத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைதான் பெரிய ஆள். மணி அடிப்பது, பிரேயரில் முன்னால் நிற்பது, ஒன்றாம் வகுப்புக் குட்டிகளை வரிசையில் நிறுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. யார் சாப்பிடாமல் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் டீச்சருக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். புதுப் பள்ளியில் மீசை அரும்பிய பிளஸ் டூ அண்ணன்களுக்கு நடுவே அதே பிள்ளை கடைக்குட்டியாகிவிடும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர். பெயர் தெரியவே சில வாரங்கள் ஆகும்.

பயம் பாடத்தில் இல்லை!

"ஆறாவதுல பாடம் கஷ்டமா இருக்கும்" என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் கவலை வேறு. பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன செய்வது? பாத்ரூம் எங்கே இருக்கும்? யார் பக்கத்தில் உட்காருவது? மதியம் யாரோடு சாப்பிடுவது? பீரியடு மாறும்போது எந்த நோட்டை எடுப்பது?

கேட்பதற்குச் சின்ன விஷயங்கள்தான். ஆனால், இவற்றுக்கு வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம் என்பதுதான் நல்ல செய்தி.

டி.சி. கொடுத்துச் சேர்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஆறாம் வகுப்பு அறை, பாத்ரூம், தண்ணீர்க் குழாய், ஹெச்.எம். அறை நான்கையும் காட்டுங்கள். பள்ளி திறப்பதற்கு முன்பே ஒருநாள் அதே பஸ்ஸில், அதே நேரத்தில் போய் வாருங்கள். இறங்கும் இடத்துக்கு அடையாளமாக ஒரு கடையையோ கோயிலையோ சொல்லி வையுங்கள். அப்பா, அம்மா இருவரின் போன் நம்பரையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். நேர அட்டவணையைப் பார்த்து முதல் நாள் இரவே பையை அடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

காலைச் சாப்பாடு கவனம்

பலர் யோசிக்காத மாற்றம் இது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகக் கொண்டுவரப்பட்டது. பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் என்றால், காலையில் பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடும்படி என்ன வைப்பது என்று முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது. பசியோடு போகும் பிள்ளைக்குப் பதற்றம் இரட்டிப்பாகும்.

இதைச் சொல்லாதீர்கள்... இதைக் கேளுங்கள்!

"ஆறாவதுக்குப் போ, அப்பத் தெரியும் சேதி!", "இனிமே விளையாட்டெல்லாம் மூட்டை கட்டிடு!" என்று சொல்வதை உறவினர்கள் உட்பட எல்லாரும் தவிர்க்க வேண்டும். பிள்ளைக்குள் பாதி பயத்தை விதைப்பது இந்த வேடிக்கைப் பேச்சுதான். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கும் முறை இல்லை. ஃபெயில் பயம் இப்போதைக்குத் தேவையே இல்லை.

முதல் வாரம் மாலையில், "என்ன நடத்தினாங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். "யார் பக்கத்துல உட்கார்ந்தே? மதியம் யார்கூட சாப்பிட்டே?" என்று கேளுங்கள். ஒரு பெயர் பதிலாக வந்துவிட்டால் போதும், பாதிக் கவலை தீர்ந்தது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தயாரிப்பும் வேண்டும். பதினொரு, பன்னிரண்டு வயதிலேயே பலர் பூப்படைகிறார்கள். பள்ளியில் அது நேர்ந்தால் யாரிடம் சொல்வது, என்ன செய்வது என்று அம்மாவோ அத்தையோ இயல்பாகப் பேசி, பையில் ஒரு நாப்கினும் வைத்து அனுப்பலாம்.

தூரத்துக்காக நிறுத்திவிடாதீர்கள்

"பஸ்ல போகணுமே, பொம்பளப் புள்ளையாச்சே" என்ற தயக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலை பெரியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து படித்ததைத்தான் கணக்கில் எடுத்தது. கல்லூரிக்கான கதவு ஆறாம் வகுப்பிலேயே திறக்கிறது.

எப்போது கவனிக்க வேண்டும்?

முதல் சில நாள்கள் வயிற்றுவலி, அழுகை, "நான் போகல" எல்லாம் சகஜம். இரண்டு, மூன்று வாரங்கள் தாண்டியும் தினமும் காலையில் மட்டும் வயிறு வலித்தால், தூக்கம் கெட்டால், பேச்சு குறைந்தால், பஸ்ஸிலோ வகுப்பிலோ யாராவது சீண்டுகிறார்களா என்று பொறுமையாகக் கேளுங்கள். வகுப்பாசிரியரை நேரில் சந்தியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்கள் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஒரு மாதம் ஓடியபின், ஒரு நாள் மாலை பிள்ளையைப் பழைய பள்ளிக்கு அழைத்துப் போங்கள். குட்டிகள் ஓடி வந்து சூழ்ந்துகொள்வார்கள். "அந்த ஸ்கூல் ரொம்பப் பெருசா?" என்று கேட்பார்கள். அப்போது உங்கள் பிள்ளை சொல்லும் பதிலைச் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். பயம் போய்விட்டதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.